ஐபிஎம் குவாண்டம் இலவசத் திட்டம்: ஒத்திசைவு இழப்பைச் சோதிக்க 10 நிமிடம் போதுமா?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலோ, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பௌதிகவியல் மாணவர்களை மனதில் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குவாண்டம் தொகுதி ஒன்று தன் ஒத்திசைவை, அதாவது 0, 1 என்ற இரண்டு நிலைகளும் கலந்திருக்கும்போது அவற்றிடையே உள்ள அவத்தைத் தொடர்பை, எப்படி இழக்கிறது என்பதை உண்மையான கருவியில் அளக்க, மட்டக்களப்பில் இருந்தபடி ஒரு சதமும் செலவழிக்காமல் கிடைக்கும் வழிகளில் ஐபிஎம் குவாண்டம் தளத்தின் இலவசத் திட்டம்தான் சிறந்தது. ஆனால் பரிசோதனையைத் திட்டமிடாமல் உள்ளே போனால் மாதத்துக்கான நேரம் அரை நாளில் தீர்ந்துவிடும், கையில் கிடைக்கும் எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

2016 மே மாதம் 5 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கருவி ஒன்றுடன் தொடங்கிய சேவை இது. இப்போது இலவசக் கணக்கிலும் 100 கியூபிட்டைத் தாண்டிய கருவிகள் கிடைக்கின்றன. 28 நாளுக்கு 10 நிமிடம் கருவி நேரம் தருகிறார்கள். கருவி உங்கள் சுற்றை (கியூபிட்களில் வரிசையாகச் செய்யவேண்டிய செயல்களின் பட்டியலை) ஓட்டும் நேரம் மட்டுமே கணக்கு, வரிசையில் காத்திருக்கும் நேரம் சேராது. ஜொப் (தனி வேலை), பேட்ச் (வேலைகளின் கட்டு) என்ற இரண்டு முறைகளில் அனுப்பலாம். கருவியைத் தொடர்ந்து உங்களுக்கென்று பிடித்துவைக்கும் செஷன் முறை இலவசக் கணக்கில் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் நிமிடத்துக்கு 96 அமெரிக்க டொலர் என்று 2025இல் விலையிட்டிருந்தார்கள். அந்த 10 நிமிடத்தின் பெறுமதியை அதிலிருந்து கணித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு

ஒவ்வொரு ஷொட்டுக்கும் (சுற்றை ஒரு தடவை ஓட்டி அளப்பது) பிறகு கருவி வழமையாக 250 மைக்ரோசெக்கன் ஓய்வெடுக்கும். ரெப் டிலே என்ற அமைப்பு அது. கியூபிட் சும்மா காத்திருக்கும் நேரத்தை இதனுடன் கூட்டினால்தான் உண்மையான செலவு தெரியும். கியூபிட் சக்தியை இழக்கும் நேரமான டீ1இன் அளவீட்டுக்கு 25 காத்திருப்பு நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் 1000 ஷொட், சராசரிக் காத்திருப்பு 200 மைக்ரோசெக்கன் என்று வைப்போம். ஒரு ஷொட்டுக்கு 0.45 மில்லிசெக்கன், மொத்தம் 25,000 ஷொட், ஆக ஏறத்தாழ 11 செக்கன். அவத்தை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும் ராம்சே அளவீட்டுக்கு 0 முதல் 200 மைக்ரோசெக்கன் வரை 5 மைக்ரோசெக்கன் இடைவெளியில் 41 புள்ளிகள் வைத்தால் 14 செக்கன், அதை இரு திசையிலும் செய்தால் 29. நடுவில் கியூபிட்டைப் புரட்டிவிட்டு அதையே பார்க்கும் எதிரொலி அளவீட்டுக்கு 10 செக்கன். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு முழு அளவீட்டுத் தொகுப்புக்கு 50 செக்கன் ஆகிறது, ஜொப் தொடங்கி முடியும் மேலதிக நேரத்தையும் சேர்த்து ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே 11 செக்கனில் ஒரு கியூபிட்டை அளப்பதும் இருபதை அளப்பதும் செலவில் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் வைத்து ஒன்றாக அளவிடலாம். அடுத்தடுத்து இருக்கும் கியூபிட்களை மட்டும் எடுக்காதீர்கள். ஒன்றன் நிலை மற்றதன் மீடிறனைச் சற்று நகர்த்தும், அந்த நகர்வு ஒத்திசைவு இழப்பைப் போலவே வரைபில் தெரியும். தேர்ந்தெடுத்த இரண்டு கியூபிட்களுக்கு நடுவே குறைந்தது ஒரு கியூபிட்டாவது 0 நிலையில் சும்மா இருக்கட்டும்.

1000 ஷொட் போதுமா என்று கேட்பார்கள். நிகழ்தகவு 0.5 அருகே இருக்கும்போது 1000 ஷொட்டின் புள்ளிவிவர வழு 0.016. அதை அரைவாசியாக்க 4000 ஷொட் வேண்டும். அந்த நேரத்தைக் கூடுதல் ஷொட்டில் போடுவதைவிட இன்னொரு நாளில் அதே அளவீட்டைத் திரும்பச் செய்வதில் போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. காரணம் கீழே வருகிறது.

எதை அளக்கிறோம்

டீ1 என்பது கியூபிட் தன் சக்தியைச் சூழலுக்கு விட்டு 1இலிருந்து 0க்கு இறங்கும் நேரம். டீ2 என்பது 0க்கும் 1க்கும் இடையிலான அவத்தை நினைவில் நிற்கும் நேரம். சக்தி போனால் அவத்தையும் போகும் என்பதால் டீ2 ஒருபோதும் டீ1இன் இருமடங்கைத் தாண்டாது. இரண்டையும் இணைப்பது 1/டீ2 = 1/(2×டீ1) + 1/டீஃபை என்ற சமன்பாடு. சக்தி இழக்காமல் அவத்தை மட்டும் குழம்பும் பங்கைக் காட்டுவது டீஃபை. சூழலின் தன்மையைச் சொல்வது அதுதான்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. தளத்தில் ஒவ்வொரு கியூபிட்டுக்கும் டீ1, டீ2 இரண்டும் எழுதியிருக்கும். அவற்றை எடுத்து டீஃபை கணித்து அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். டீ1 நிலையான எண் அல்ல. பொருளின் மேற்பரப்பிலும் ஒட்சைட்டுப் படையிலும் இருக்கும் நுண்குறைபாடுகள் கியூபிட்டின் மீடிறனுடன் பரிவடையும்போது சக்தியை உறிஞ்சுகின்றன. அவை மணிக்கு மணி இடம் மாறும், டீ1உம் கூடவே ஏறி இறங்கும். இன்று அளந்த டீ2 150 மைக்ரோசெக்கன், நேற்றைய டீ1 200 என்று போட்டால் டீஃபை 240 வரும். அளந்த வேளையில் டீ1 உண்மையில் 100 ஆக இருந்திருந்தால் சரியான விடை 600. ஒரே டீ2இலிருந்து இரண்டரை மடங்கு வித்தியாசம்! ஆகவே டீ1, ராம்சே, எதிரொலி மூன்றையும் ஒரே ஜொப்பில் கலந்து அனுப்புங்கள். காத்திருப்பு நேரங்களையும் ஏறுவரிசையில் அடுக்காமல் கலைத்துப்போடுங்கள். இல்லாவிட்டால் அளவீட்டுக்கிடையே கருவியில் நடக்கும் நகர்வு தேய்வு வளைகோட்டின் வடிவத்துக்குள் புகுந்துவிடும். நாள் மாற்றி மீண்டும் அளக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

டீ1 சுற்று எளிது. கியூபிட்டை 0இலிருந்து 1க்குப் புரட்டும் எக்ஸ் படலை (படலை என்பது கியூபிட்டில் செய்யும் ஒரு செயல்), காத்திருப்பு, அளவீடு. புள்ளிகளில் பெரும்பகுதியை 0 முதல் 200 மைக்ரோசெக்கனுக்குள் வையுங்கள், ஆனால் டீ1இன் மூன்று மடங்கு அளவில் இரண்டு மூன்று புள்ளிகள் கட்டாயம் வேண்டும். வால் பகுதியில் புள்ளி இல்லாவிட்டால் வளைகோடு எந்த மட்டத்தில் போய் நிற்கிறது என்று பொருத்தும் நிரலுக்குத் தெரியாது. அந்த மட்டத்தைத் தன் இஷ்டத்துக்கு எடுத்து டீ1ஐயும் சேர்த்து இழுத்துவிடும்.

ராம்சே கொஞ்சம் கவனம் கேட்கும். ஹடமார்ட் (0ஐ, 0உம் 1உம் சமமாகக் கலந்த நிலையாக்கும் படலை), காத்திருப்பு, ஹடமார்ட் என்று மட்டும் வைத்தால் வளைகோடு அலையாமல் மெல்ல வளையும். அது தேய்வா, மீடிறன் சற்று விலகியதால் வந்த மெதுவான அலையா என்று பிரிக்க முடியாது. ஆகவே செயற்கையாக 25 கிலோஹேர்ட்ஸ் விலகல் கொடுக்கிறோம். கடைசி ஹடமார்டுக்கு முன் அவத்தையைத் திருப்பும் ஆர்செட் படலை ஒன்றைப் போட்டு, அதன் கோணத்தை 2π × 25 கிலோஹேர்ட்ஸ் × காத்திருப்பு நேரம் என்று வையுங்கள். இந்தக் கருவிகளில் ஆர்செட் நேரம் எடுக்காத படலை, வழுவும் சேர்க்காது. அலையின் ஆவர்த்தனம் 40 மைக்ரோசெக்கன். 5 மைக்ரோசெக்கன் இடைவெளியில் அளந்தால் ஓர் அலைக்கு 8 புள்ளி கிடைக்கும், தாராளம். அதையே மறைப் பக்கம் 25 கிலோஹேர்ட்ஸ் வைத்தும் ஓட்டுங்கள். இரண்டு விடைகளின் வித்தியாசத்தில் பாதிதான் கியூபிட்டின் உண்மையான மீடிறன் விலகல். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் விலகலின் பருமன் தெரிந்தாலும் கியூபிட் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைச் சோதித்துப்பார்க்க வழி இல்லை. வரைபில் அலை பெருத்துச் சிறுத்து அடிப்பு மாதிரித் தெரிந்தால் இரண்டு மீடிறன்கள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். டிரான்ஸ்மொன் வகைக் கியூபிட்டில் (இந்தக் கருவிகளில் உள்ள மீகடத்திக் கியூபிட்) தனி இலத்திரன் ஒன்று தாவுவதால் இலத்திரன் எண்ணிக்கை ஒற்றை, இரட்டை என்று மாறும் ஏற்ற இரட்டைத்தன்மை மாற்றம் அதற்கு ஒரு காரணம், பக்கத்துக் கியூபிட் இன்னொன்று.

எதிரொலிச் சுற்றை 1950இல் அணுக்கருக் காந்தப் பரிவுக்காகக் கொண்டுவந்தவர் எர்வின் ஹான். காத்திருப்பின் நடுவில் ஓர் எக்ஸ் படலையைப் போட்டால், மெதுவாக மாறும் இரைச்சல் முதற் பாதியில் சேர்த்த அவத்தை இரண்டாம் பாதியில் கழிந்துவிடும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை: இரு பக்கமும் முழு நேரத்தை வைத்துவிட்டு, வரைபின் கிடை அச்சில் ஒரு பக்க நேரத்தை மட்டும் போடுவது. டீ2 பாதியாகத் தெரியும். மொத்தக் காத்திருப்பைத்தான் கிடை அச்சில் போட வேண்டும்.

எதிரொலியில் வந்த டீ2 ராம்சேயில் வந்ததைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் இரைச்சல் மெதுவானது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரைச்சல் வேகமானது, நடுவில் திருப்பிவிட்டும் பயனில்லை. அடுத்த படியாக எக்ஸ் படலைகளை 1, 2, 4, 8, 16 என்று கூட்டிப் பாருங்கள். மெதுவான இரைச்சல் என்றால் டீ2 ஏறிக்கொண்டே போய் டீ1இன் இருமடங்கை நோக்கி நகரும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்க நிலையை எக்ஸ் அச்சு வழியே வைத்து எக்ஸ் படலைகளைப் போட்டால் படலைகளின் வழு தெரியாமல் மறைந்துவிடும். வை அச்சு வழியே வைத்தால் அதே வழு முழுக்கச் சேரும். இரண்டு தொடக்கத்திலும் ஓட்டி ஒப்பிடாமல் 16 படலை முடிவை நம்ப வேண்டாம்.

தேய்வின் வடிவமும் பேசும். வேகமான வெள்ளை இரைச்சல் அடுக்குக்குறித் தேய்வு தரும். மெதுவான இரைச்சல் ராம்சேயில் காவுசியன் வடிவத்துக்குக் கிட்ட வரும். இரண்டையும் பிரிக்க எந்தப் புள்ளியில் அளப்பது? நேரம் டீ2க்குச் சமமாகும் இடத்தில் இரண்டு வளைகோடுமே 0.37 என்ற ஒரே பெறுமதியில் வெட்டிக்கொள்ளும். அங்கே எத்தனை ஷொட் ஓட்டினாலும் வீண். டீ2இன் 0.3 பங்கு நேரத்தில் ஒன்று 0.74, மற்றது 0.91. நிகழ்தகவாகப் பார்த்தால் 0.09 வித்தியாசம், 1000 ஷொட் வழுவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆகவே ஷொட்களை முன்பகுதியில் குவியுங்கள். டீ1 சேர்க்கும் அடுக்குக்குறிப் பங்கை முதலில் வகுத்து நீக்கிவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

தகவல் போய்விட்டதா, பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா

இந்தச் சேவையில் எங்களுக்கு மிகப் பிடித்த பரிசோதனை இதுதான். டீ1, டீ2 அளவீடுகளில் சூழல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இங்கே சூழலை நாமே கட்டுகிறோம்.

வரிசையாக இணைந்த மூன்று கியூபிட்களை எடுங்கள். முதலாவது இலக்கு, நடுவில் இருப்பது சூழல், மூன்றாவது சாட்சி. இலக்கில் ஹடமார்ட் போட்டு, இலக்கைக் கட்டுப்பாடாக வைத்துச் சூழல் கியூபிட்டை வை அச்சில் ஒரு கோணம் திருப்புங்கள். பிறகு இலக்கின் எக்ஸ் எதிர்பார்ப்புப் பெறுமானத்தை (எக்ஸ் திசை அளவீடுகளின் சராசரியை) அளந்தால் பாதிக்கோணத்தின் கோசைன் வர வேண்டும். 60 பாகைக்கு 0.87, 90 பாகைக்கு 0.71, 180 பாகைக்குப் பூச்சியம். இந்தக் கருவிகள் பலவற்றில் ஒரு கியூபிட்டுக்கு அதிகபட்சம் மூன்று அயல் கியூபிட்கள் இருக்கும். மூன்றையும் சூழலாக்கி ஒவ்வொன்றையும் 60 பாகை திருப்பினால் 0.65 ஆக இறங்கும். ஒவ்வொன்றும் கொஞ்சமே அறிந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒத்திசைவைத் தின்கிறது.

இப்போது அதே திருப்பத்தை எதிர்த்திசையில் போடுங்கள். ஒத்திசைவு 1க்கு, படலை வழு போக அதற்குச் சற்றுக் கீழே, திரும்பி வரும். தகவல் தொலையவில்லை, சூழல் கியூபிட்டில் இருந்தது. அடுத்த சுற்றில், திருப்பத்துக்கும் எதிர்த்திருப்பத்துக்கும் நடுவே சூழலிலிருந்து சாட்சிக்கு ஒரு சீஎக்ஸ் படலை (முதலாவது 1 ஆக இருந்தால் இரண்டாவதைப் புரட்டுவது) போடுங்கள். 90 பாகையில் எதிர்த்திருப்பத்தின் பிறகு கிடைப்பது 0.5 மட்டும், எதிர்த்திருப்பம் போடாமல் இருந்தபோது வந்த 0.71ஐவிடக் குறைவு! தகவலின் பிரதி ஒன்று மூன்றாவது இடத்துக்குப் போனபின் சூழலை மட்டும் திருப்புவது உதவாது. பொதுவாக விடை பாதிக்கோணக் கோசைனின் வர்க்கம். எல்லாச் சுற்றும் மைக்ரோசெக்கன் அளவில் முடிந்துவிடும் என்பதால் இயற்கையான டீ2 இழப்பு மிகச் சிறிது, காண்பது பெரும்பாலும் நாம் கட்டிய சூழலின் வேலைதான். 9 கோணம், 3 வடிவம், ஒவ்வொன்றும் 4096 ஷொட் என்றால் 27 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1 செக்கன்.

இதில் கட்டாயம் பார்க்க வேண்டியது பேரியர், அதாவது படலைகளைச் சேர்த்துச் சுருக்கவிடாமல் சுற்றில் வைக்கும் தடைக்குறி. திருப்பமும் எதிர்த்திருப்பமும் அடுத்தடுத்து வந்தால் ஐபிஎம்மின் நிரல் தொகுதியான கிஸ்கிட்டில் சுற்றைக் கருவிக்கேற்ப மாற்றியெழுதும் டிரான்ஸ்பைலர் இரண்டையும் வெட்டி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். வரைபு அழகாக 1இல் நிற்கும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள், கருவியில் எதுவுமே நடந்திருக்காது. நடுவில் பேரியர் வைத்து, டிரான்ஸ்பைல் ஆன சுற்றை வரைந்து, இருகியூபிட் படலைகளை எண்ணிப் பார்த்தபின் அனுப்புங்கள். எந்தக் கியூபிட்களில் ஓட வேண்டும் என்பதையும் தொடக்க அமைவில் நீங்களே குறிப்பிடுங்கள்.

அமைப்புகளில் கவனிக்க

ஒத்திசைவை அளக்க, சராசரிப் பெறுமானத்தைக் கணித்துத் தரும் எஸ்டிமேட்டர் வேண்டாம், ஒவ்வொரு விடையும் எத்தனை தடவை வந்தது என்று தரும் சாம்ப்ளரைப் பாவியுங்கள். எஸ்டிமேட்டர் வழமையான அமைப்பிலேயே அளவீட்டு வழுவைத் திருத்தித் தருகிறது. மற்ற வேலைகளுக்கு அது நல்லது, ஆனால் இங்கே நாம் மூல எண்ணிக்கைகளைப் பார்க்க வேண்டும். சாம்ப்ளரில் டைனமிக்கல் டிகப்ளிங் அணைந்தே இருக்கட்டும். அதை இயக்கினால் உங்கள் காத்திருப்புக்குள் கருவி தானாகவே படலைகளைச் செருகும், ராம்சே என்று நினைத்து எதிரொலியை அளந்துகொண்டிருப்பீர்கள். டீ1 ஓய்வு நேரத்துக்குக் கிட்ட இருக்கும் கியூபிட் தானாக 0க்கு இறங்கி முடிப்பதற்குள் அடுத்த ஷொட் வந்துவிடும். ஆகவே கியூபிட்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் அமைப்பை அணைக்க வேண்டாம். காத்திருப்பு நேரங்களைக் கருவியின் அடிப்படை நேர அலகின் உரிய மடங்குக்கு முழுதாக்குங்கள், ஒவ்வொரு நேரத்துக்கும் தனிச் சுற்றாக எழுதுங்கள்.

முன்னோட்டமாக உங்கள் மடிக்கணினியில் கிஸ்கிட்டின் ஏர் (Aer) சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவசியம், நிரல் வழுக்கள் அங்கேயே பிடிபடும். ஆனால் அதன் இரைச்சல் மாதிரி டீ1, டீ2 எண்களை வைத்து நினைவற்ற (முன் நடந்ததைச் சாராத) தேய்வைத்தான் போடுகிறது. ராம்சேயும் எதிரொலியும் அங்கே ஒரே விடை தரும். சிமுலேட்டர் வரைபை வைத்து “எங்கள் கியூபிட்டில் மெதுவான இரைச்சல் இல்லை” என்று எழுதிவிடக் கூடாது.

சேவையின் உண்மையான குறை, துடிப்பு மட்டக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. 2025 தொடக்கம் வரை நுண்ணலைத் துடிப்பின் வடிவத்தையும் மீடிறனையும் பயனரே அமைக்க முடிந்தது. இப்போது படலை மட்டத்தில்தான் வேலை. வேண்டுமென்றே இரைச்சலை ஊட்டுவது, வெப்பநிலையை மாற்றுவது போன்ற பரிசோதனைகளுக்கு இங்கே இடமில்லை. துடிப்பைக் கண்ணால் பார்க்க விரும்பும் மாணவருக்கு, கிளிசரீன் மாதிரியில் ஸ்பின் எதிரொலி காட்டும் மேசைமேல் அணுக்கருக் காந்தப் பரிவுக் கருவிதான் ஏற்றது. அதற்குப் பீடம் பணம் ஒதுக்க வேண்டும்.

இணைய வேகம் பெரிய தடையல்ல. அனுப்புவது சுற்றின் விவரம், திரும்பி வருவது எண்ணிக்கை, கைத்தொலைபேசி இணைப்பே போதும். மாரி மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் அனுப்பிய ஜொப் தன்பாட்டில் ஓடும். ஜொப் இலக்கத்தை உடனே கோப்பில் சேமித்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். நேர முத்திரைகளில் உலகப் பொது நேரம் இருந்தால் நமது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக் குறியுங்கள். டீ1 ஏற்ற இறக்கத்தை நாள்முழுக்கப் பின்தொடரும்போது இந்தக் குழப்பம் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

10 நிமிடத்தை இப்படிப் பிரிப்போம்: டீ1, ராம்சே, எதிரொலி சேர்ந்த முழு அளவீட்டுத் தொகுப்பு ஆறு, வேறு வேறு நாட்களில். படலை எண்ணிக்கையைக் கூட்டும் அளவீட்டுக்கு ஒன்றரை நிமிடம். சூழலைக் கட்டும் பரிசோதனைக்கு ஒரு நிமிடம். மீதி ஒன்றரை நிமிடத்தைத் தொட வேண்டாம். வரைபில் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அதற்கு அது வேண்டும். அப்போதும் அந்தப் புள்ளியை மட்டும் திரும்ப அளக்காமல் இருபக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்து அளந்து, பழைய பெறுமதியையும் புதியதையும் ஒரே வரைபில் போடுங்கள்.